நீருக்கடியில் ஒலியால் செய்தி அனுப்புதல்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீருக்கடித் தொடர்பாடல் பற்றிப் பேச்செடுத்தாலே என்னிடம் மூன்று வகையினர் கேள்வி கேட்கிறார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள், ஆழ்கடலுக்குப் படகு அனுப்புபவர்கள், கல்லடியிலும் பாசிக்குடாவிலும் சுழியோடுபவர்கள். கேட்பவர் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் வேகத்தை விட்டுக்கொடுத்தால்தான் உறுதி கிடைக்கும். செக்கனுக்கு முப்பது பிற்று (0 அல்லது 1 என்ற தரவுத் துளி) தவறாமல் வந்து சேர்வது, ஆயிரம் பிற்று அரைகுறையாக வருவதைவிடப் பெரிது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பலவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு வாவிக்குள் இறக்கினால் சிக்னல் உடனே போய்விடுகிறதே, ஏன்?

கைத்தொலைபேசி வானொலி அலையில் பேசுகிறது. உப்பு நீர் மின்னைக் கடத்தும். மின்னைக் கடத்தும் ஊடகம் வானொலி அலையை விழுங்கிவிடும். மீடிறன், அதாவது அலை ஒரு செக்கனில் அதிரும் தடவை, கூடக்கூட விழுங்குவதும் கூடும். 10 கிலோஹேர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த மீடிறனில்கூட, கடல்நீரில் ஒவ்வொரு இரண்டரை மீற்றருக்கும் அலையின் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துகொண்டே போகும். கைத்தொலைபேசி அலையின் மீடிறன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. அது சில சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும்.

மாரி மழையில் வாவி நன்னீராகும்போது நிலைமை சற்று மேம்படும், ஆனால் தொலைவுத் தொடர்புக்கு அது போதாது. ஒளியை நம்பலாமா என்றால், தெளிந்த கடலில் நீலப் பச்சை ஒளி பல பத்து மீற்றர் போகும். எங்கள் வாவியின் கலங்கலில் கையை நீட்டினால் விரல் தெரியாது. எஞ்சியிருப்பது ஒலி.

ஒலி நீருக்குள் அவ்வளவு தூரம் போகுமா?

மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெளியே போக வேண்டியதில்லை. நிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். 1848 இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இங்கே வந்து அந்த ஒலியைக் கேட்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகவும் பெருகியதை அவர் குறித்துவைத்திருக்கிறார். அந்தக் குறிப்பில் நல்ல பௌதிகம் இருக்கிறது. நீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் வரும். மற்றதெல்லாம் நீருக்குள்ளேயே தெறித்துத் திரும்பும். மரம் அந்தத் தடையைச் சுற்றிக் கடக்க வழி கொடுக்கிறது.

1826 இல் கொலடோன், ஸ்ரேம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் நீருக்கடியில் மணியடித்து, பதின்மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் அதைக் கேட்டு, ஒலியின் வேகம் செக்கனுக்கு 1435 மீற்றர் என்று அளந்தார்கள். எங்கள் வெதுவெதுப்பான கடலில் அது 1500 ஐத் தாண்டும். காற்றில் இருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

சத்தத்தில் எழுத்தை எப்படி ஏற்றுவது?

எழுத்துகளைக் கணினி ஏற்கெனவே 0, 1 என்ற பிற்றுகளாகத்தான் வைத்திருக்கிறது. 0 இற்கு ஒரு சுரம், 1 இற்கு வேறொரு சுரம் என்று வைத்து, பீங்கான் வில்லை ஒன்றை மின்னால் அதிரவைத்து நீருக்குள் ஒலி எழுப்பினால் மறுபக்கத்தில் அதேபோன்ற வில்லை அந்த அதிர்வை மின்னாக்கிக் கொடுக்கும். படகுகளில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரில் இருப்பதும் இந்த வில்லைதான்.

நான்கு மடங்கு வேகம் என்கிறீர்கள். பிறகு ஏன் இணையம்போல வேகமாகத் தரவு போவதில்லை?

ஒலி ஓடும் வேகம் வேறு, ஒரு செக்கனில் எத்தனை பிற்று ஏற்றலாம் என்பது வேறு. பின்னது பட்டை அகலத்தில், அதாவது பயன்படுத்தக்கூடிய மீடிறன்களின் பரப்பில், தங்கியிருக்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேற்று உயர் மீடிறன் ஒலியை உறிஞ்சும். 10 கிலோஹேர்ட்ஸில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் இழப்பு. 100 கிலோஹேர்ட்ஸில் அதே தூரத்துக்கு 30 டெசிபெல்லுக்கு மேல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே சில கிலோமீற்றர் போக வேண்டுமென்றால் பத்துச் சொச்சம் கிலோஹேர்ட்ஸைச் சுற்றிய ஒரு சிறு பட்டைதான் எங்களுக்கு.

அந்த வேகமும் வானொலியோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். 3 கிலோமீற்றருக்கு 2 செக்கன். ‘கிடைத்ததா?’ என்று கேட்டு ‘கிடைத்தது’ என்ற பதில் வர 4 செக்கன். வானொலி அதே தூரத்தை ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும்.

சேர், இரண்டு சுரத்தை வைத்து அனுப்பினாலே போதுமே. ஏன் இதைச் சிக்கலாக்குகிறீர்கள்?

ஆழமான கடலில் செங்குத்தாக மேலிருந்து கீழே அனுப்பினால் ஓரளவு போதும். கரையோரக் கடலில் கிடையாக அனுப்பும்போதுதான் அது முறிந்துபோகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆழம் 20 மீற்றர், தூரம் 1 கிலோமீற்றர், இரு கருவிகளும் நடு ஆழத்தில். நேராகப் போகும் ஒலிக்குப் பின்னால், மேற்பரப்பிலும் அடித்தளத்திலும் மாறிமாறிப் பத்துத் தடவை தெறித்த ஒலியும் வந்து சேரும். அது கடக்கும் பாதை, பைதகரசின் தேற்றப்படி, 1000 இன் வர்க்கத்தையும் 200 இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் 1020 மீற்றர். மேலதிகமான அந்த 20 மீற்றருக்கு 13 மில்லிசெக்கன் ஆகும். நீங்கள் மில்லிசெக்கனுக்கு ஒரு பிற்று வீதம் அனுப்பினால், முதலாவது பிற்றின் எதிரொலி பதினான்காவது பிற்றின் தலையில் வந்து விழும். இடையில் ஒன்று, இரண்டு, மூன்று தடவை தெறித்த மற்ற எதிரொலிகளும் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நேரொலியும் எதிரொலியும் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். குறிப்பிட்ட ஒரு மீடிறனில் அது நடந்தால் உங்கள் ‘1’ சுரம் மட்டும் செத்துப்போகும். அலை அசைந்து பாதை மாறியதும் அது உயிர்பெற்று ‘0’ சுரம் சாகும். ஒற்றைச் சுரத்தை நம்பியவனுக்குக் கடலில் உத்தரவாதம் கிடையாது.

பரவல் நிறமாலை என்றால் என்ன? படம் இல்லாமல் சொல்ல முடியுமா?

முடியும், கையால் எழுதிப் பார்க்கும்படியாகவே சொல்கிறேன். ஒரு பிற்றை ஒற்றைச் சுரமாக அனுப்பாமல் அதன் இடத்தில் நீண்ட ஒரு குறியீட்டை அனுப்புவதே இந்த முறை. ஏழு துணுக்குகள் கொண்ட பார்க்கர் குறியீட்டை எடுங்கள்: + + + − − + −. பிற்று 1 என்றால் இதை அப்படியே அனுப்புங்கள். 0 என்றால் எல்லாக் குறியையும் புரட்டி அனுப்புங்கள். துணுக்குகள் பிற்றைவிட ஏழு மடங்கு விரைவாக மாறுவதால் சைகை (சிக்னல்) ஏழு மடங்கு அகலமான பட்டையில் பரவிவிடும். அதனால்தான் ‘பரவல்’.

பெறுபவரிடமும் அதே குறியீடு இருக்கிறது. வந்ததையும் தன்னிடம் உள்ளதையும் துணுக்குக்குத் துணுக்கு பெருக்கிக் கூட்டுகிறார். சரியாகப் பொருந்தினால் 7 வரும். ஒரு துணுக்கு தள்ளிப் பொருத்தினால் 0. இரண்டு தள்ளினால் −1. எங்கே நழுவினாலும் 0 அல்லது −1 தான். இப்போது கடல் இரைச்சல் இரண்டு துணுக்குகளைப் புரட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சரி, இரண்டு பிழை, கூட்டல் 3. இன்னமும் நேர்க்குறிதான், பிற்று தப்பிவிட்டது.

கரைவலை இழுப்பவர்கள் அம்பாவின் தாளத்துக்கு ஒரே நேரத்தில் இழுப்பதுபோல, பெருக்கிக் கூட்டும்போது குறியீட்டின் துணுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் இழுக்கின்றன. இரைச்சலின் துணுக்குகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தங்களுக்குள்ளேயே கழிந்துபோகின்றன. 127 துணுக்குக் குறியீடு என்றால் இரைச்சலுக்கு எதிராகக் கிடைக்கும் ஆதாயம் 127 மடங்கு, 21 டெசிபெல். இரைச்சலின் மட்டத்துக்குக் கீழே, காதுக்கே கேட்காத சைகையையும் இதனால் மீட்டெடுக்க முடியும்.

அந்த ஆதாயத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

வேகத்தை. செக்கனுக்கு 4000 துணுக்கு அனுப்ப உங்கள் பட்டை இடங்கொடுத்தால், 127 துணுக்குக்கு ஒரு பிற்று என்ற கணக்கில் செக்கனுக்கு 31 பிற்றுகள்தான். நூறு பிற்றுச் செய்திக்கு மூன்று செக்கனுக்குச் சற்று மேல். ‘நீர் வெப்பநிலை இவ்வளவு, அமுக்கம் இவ்வளவு, பற்றரி இவ்வளவு’ என்று சொல்ல நூறு பிற்று தாராளம். படம் அனுப்ப நினைக்காதீர்கள்.

எதிரொலிதான் எதிரி என்றீர்கள். குறியீடு போட்டால் எதிரொலி ஓடிவிடுமா?

ஓடாது. ஆனால் அடையாளம் தெரிந்துவிடும். மேலே சொன்ன பார்க்கர் கணக்கில் நழுவிய குறியீடு ஏறத்தாழச் சுழியம் தந்ததே, அதுதான் திறவுகோல். 13 மில்லிசெக்கன் பிந்தி வரும் எதிரொலி 52 துணுக்கு நழுவிய குறியீடு. நேரொலியோடு பொருத்திக் கூட்டும்போது அது சிறு இரைச்சலாகச் சுருங்கிவிடும். ஒரு துணுக்கின் நேரம் கால் மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஒலி 37 சென்ரிமீற்றர் ஓடும். பாதை வேறுபாடு அதைவிடக் கூடிய எதிரொலிகளை எல்லாம் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம்.

பிரித்த பின் எதிரொலியை ஏன் வீசியெறிய வேண்டும்? அதுவும் அதே செய்தியின் பிரதிதானே. ஒவ்வோர் எதிரொலிக்கும் பெருக்கிக் கூட்டும் ஒரு பொருத்தியை வைத்து, நேர வித்தியாசத்தைச் சரிக்கட்டி, பலமானதற்கு அதிக மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் எதிரி நண்பனாகிவிடுவான். பிரைஸ், கிரீன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர்கள் 1958 இல் வானொலிக்காக விவரித்த ரேக் வாங்கி (பெறும் கருவி) இதுதான். நேர்ப்பாதையை ஒரு படகு மறைத்தாலும், அடித்தளத்தில் தெறித்து வந்த பிரதி செய்தியைக் காப்பாற்றும். நீருக்கடித் தொடர்பாடலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுவே.

மீடிறன் துள்ளலும் பரவல் நிறமாலைதானா? எது நல்லது?

ஆம், அது இரண்டாவது வகை. ஒரு சுரத்தில் நில்லாமல், இருவருக்கும் தெரிந்த ஒழுங்கில் சுரம் விட்டுச் சுரம் தாவுவது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஆந்தைலும் 1942 இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். வானொலியால் வழிநடத்தும் டோர்பிடோவை எதிரி குழப்பாமலிருக்க, பியானோவின் கட்டைகளைப்போல 88 மீடிறன்களில் தாவும் திட்டம் அது.

நீருக்கடியில் இதற்குப் பொதுவான தரம் ஒன்று இருக்கிறது. 2017 இல் நேட்டோ ஏற்றுக்கொண்ட ஜானஸ். இத்தாலியின் லா ஸ்பெசியாவில் உள்ள நேட்டோ கடல் ஆய்வு நிலையத்தில் உருவானது. 9440 முதல் 13600 ஹேர்ட்ஸ் வரையான பட்டையில் 13 சோடிச் சுரங்கள். ஒவ்வொரு தாவலும் 6.25 மில்லிசெக்கன். அடிப்படைச் செய்தி 64 பிற்று. பயன் வேகம் செக்கனுக்கு 80 பிற்று. வடிவமைப்பு வெளிப்படையாக இருப்பதால் மாணவர்கள் படித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஒரு சுரத்தைக் கடல் கொன்றாலும் அடுத்த சுரம் பிழைக்கும். ஓடும் படகுக்கு இது உகந்தது. இரைச்சலுக்குக் கீழே புதைந்த மெல்லிய சைகை வேண்டுமென்றால் மேலே பார்க்கர் குறியீட்டில் பார்த்த நேரடிக் குறியீட்டு முறைதான்.

தம்பி, படகு ஓடிக்கொண்டிருக்கும்போது இது வேலை செய்யுமா? எங்களுக்கு நங்கூரம் போட்டுக் காத்திருக்க நேரமில்லை.

ஐயா, வேலை செய்யும், ஆனால் வாங்கி அதற்கென்று தயாராக இருக்க வேண்டும். தொப்ளர் விளைவுதான் பிரச்சினை. படகு செக்கனுக்கு 4 மீற்றர், அதாவது ஏறக்குறைய 8 நொட் வேகத்தில் கருவியை நோக்கி வந்தால், 12 கிலோஹேர்ட்ஸ் சைகை 32 ஹேர்ட்ஸ் நகர்ந்துவிடும். சிறிய எண்தான். ஆனால் எங்கள் 127 துணுக்குப் பிற்றின் நீளம் ஒரு செக்கனில் 31 இல் ஒரு பங்கு. அதற்குள் அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம், ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. முதற்பாதித் துணுக்குகள் ஒரு பக்கம் இழுக்க, பிற்பாதி மறுபக்கம் இழுக்க, கூட்டல் சுழியம். 127 மடங்கு ஆதாயம் என்று பெருமைப்பட்டது எல்லாம் போய்விட்டது.

வெவ்வேறு வேகங்களுக்கான பல பொருத்திகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எது மிகப் பெரிய எண்ணைத் தருகிறதோ அதை எடுப்பது ஒரு வழி. செய்திக்கு முன் மீடிறன் ஏறிச் செல்லும் ஒரு கீச்சொலியை அனுப்பி, அதிலிருந்து வேகத்தை அளந்து திருத்துவது இன்னொரு வழி. ஜானஸில் அடுத்தடுத்த சுரங்களுக்கு 160 ஹேர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் 32 ஹேர்ட்ஸ் நகர்வு அங்கே பெரிய தொல்லையாவதில்லை. படகுக்குத் துள்ளலே நல்லது என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

பாசிக்குடாவில் மூழ்கினால் காதில் சடசடவென்று ஏதோ வெடிக்கிறது. அது தொடர்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். வெப்பமான ஆழமற்ற கடல்களில் வாழும் சொடுக்கும் இறால்களின் சத்தம் அது. விரலளவுகூட இல்லாத இறால் தன் பெரிய கொடுக்கைப் படாரென மூடும்போது நீர் பீறிட்டு, ஒரு குமிழி தோன்றி, நொறுங்குகிறது. கொடுக்கின் மோதல் அல்ல, குமிழி நொறுங்குவதே அந்த வெடிப்பு என்று 2000 ஆம் ஆண்டில் நெதர்லாந்து, ஜேர்மனி ஆய்வாளர்கள் அதிவேகப் படப்பிடிப்பால் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடியவர்களை இந்த இரைச்சல் பாடாய்ப் படுத்தியது. 2 கிலோஹேர்ட்ஸிலிருந்து நூறு கிலோஹேர்ட்ஸைத் தாண்டியும் இது பரவியிருக்கிறது. எங்களுக்கு வேண்டிய பட்டை முழுவதும் அதற்குள்தான்.

ஐரோப்பியக் கடலில் சோதித்த கருவி இங்கே தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரைச்சல் எப்போதும் ஒரே சீராக இருக்கும் என்று நினைத்தே பொருத்திகள் வடிவமைக்கப்படுகின்றன. இறாலின் வெடிப்பு அப்படியல்ல. கணப்பொழுதில் வந்து போகும், ஆனால் சைகையைவிடப் பன்மடங்கு பலமானது. ஒரே வெடிப்பு, பெருக்கிக் கூட்டும் கணக்கில் நூறு துணுக்கின் உழைப்பை அழித்துவிடலாம். மருந்து எளிது: கூட்டுவதற்கு முன், அளவுக்கு மீறிய எந்த மாதிரியையும் ஒரு வரம்பில் வெட்டிவிடுங்கள், அல்லது சுழியமாக்குங்கள். இரண்டொரு துணுக்கு போனால் போகட்டும், மிச்சம் 125 இருக்கிறது. வெப்பக் கடலுக்கு வாங்கி செய்பவர் முதலில் எழுத வேண்டிய நிரல்வரி இதுவென்பேன்.

வாவியில் சோதிப்பது கடலில் சோதிப்பதைவிட இலகுதானே?

போய்வர இலகு, ஒலிக்குக் கடினம். வாவியின் பெரும்பகுதியில் ஒன்றிரண்டு மீற்றர்தான் நீர். மேலும் கீழும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஒலி கணக்கற்ற தடவை தெறிக்கும். சேற்றில் அடைபட்ட வாயுக் குமிழிகள் ஒலியை விழுங்கும். நீர்த்தாவரங்கள் அடர்ந்த இடத்தில் நண்பகலில் அவை விடும் ஒட்சிசன் குமிழிகளும் சேர்ந்துகொள்ளும். மாரியில் முகத்துவாரம் திறந்து நன்னீர் மேலும் உப்பு நீர் கீழுமாக நிற்கும்போது ஒலி வளைந்துவிடும். வாவியில் நூறு மீற்றருக்கு ஒழுங்காக வேலை செய்த கருவி கடலில் அதைவிடத் தூரம் போனால் வியப்பில்லை.

கடலுக்கும் ஒரு குணம் உண்டு. காலையில் நன்றாகக் கேட்டது பிற்பகலில் கேட்காமல் போகும். 1930களில் குவாண்டநாமோ அருகே அமெரிக்கக் கடற்படை இதைக் கண்டு குழம்பியது. வெயிலில் மேல்நீர் சூடாகிறது. எங்கள் கடலில் ஒரு பாகைக்கு ஒலியின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றருக்குச் சற்று மேல் கூடும். ஒலி வேகம் குறைந்த பக்கமாக, அதாவது கீழ்நோக்கி வளையும். மேலே தொங்கும் வாங்கி நிழலில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வாங்கியை ஆழத்தில் தொங்கவிடுங்கள்.

சுனாமி எச்சரிக்கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாவலடியிலோ மருதமுனையிலோ யாரையாவது இழந்தவர்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நடுக்கடலில் இருந்து செய்தி சொல்ல இந்தியப் பெருங்கடலில் எந்தக் கருவியும் இருக்கவில்லை. பின்னர்தான் 2006 இறுதியில் தாய்லாந்துக்காக, சுனாமியை உணர்ந்து சொல்லும் டார்ட் மிதவை ஒன்று இறக்கப்பட்டது. இந்தியாவும் ஹைதராபாத்தில் நிலையம் அமைத்து 2007 இல் தன் எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. இவற்றில் கடலடியில் இருக்கும் அமுக்கமானி நீர்மட்டத்தின் சிறு உயர்வையும் உணர்கிறது. ஆறாயிரம் மீற்றர் ஆழத்தில் ஒரு சென்ரிமீற்றர் உயர்வையும் அறியக்கூடியது. ஆனால் உணர்ந்ததைச் செய்மதிக்குச் சொல்ல வேண்டுமே. கடலடியிலிருந்து மேலே மிதவைக்குப் போகும் அந்த நாலைந்து கிலோமீற்றரைத் தரவை ஒலியாக்கி அனுப்பும் ஒலி மோடம்தான் கடக்கிறது. மூன்று செக்கனில் கடந்துவிடும்.

முன்பு சொன்னதுபோல, செங்குத்துப் பாதையில் எதிரொலித் தொல்லை குறைவு. ஆகவே அங்கே இணைப்பு ஓரளவு இலகு. இருந்தாலும் அலை கொந்தளிக்கும் நாளிலும் அந்தச் சில பிற்றுகள் போய்ச் சேர வேண்டும். வேகத்தைவிட உறுதியே பெரிதென்று நான் அழுத்திச் சொல்வது இதை நினைத்துத்தான்.

ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்கும் சுழியோடி மேலே படகுக்குச் செய்தி அனுப்பலாமா?

அனுப்பலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 50 மீற்றர் ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. பாதை ஏறக்குறையச் செங்குத்து, தூரம் சிறிது. ‘மேலே வருகிறேன்’, ‘உதவி தேவை’ போன்ற முன்கூட்டி வகுத்த செய்திகளுக்கு நான்கைந்து பிற்றே போதும். அவற்றை நீண்ட குறியீட்டில் அனுப்பினால், மூச்சுக் குமிழியின் இரைச்சலையும் தாண்டிப் போகும். கப்பலின் இரும்புக்கு மறுபக்கம் போய்விட்டால் ஒலி மறைக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். எந்தக் கருவியும் துணைச் சுழியோடிக்கும் பாதுகாப்புக் கயிற்றுக்கும் மாற்றாகாது.

ஒரே இடத்தில் பத்துக் கருவிகள் ஒன்றாகப் பேசினால்?

ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறியீடு கொடுத்தால் ஒன்றின் குரல் மற்றதற்கு இரைச்சலாகவே தெரியும். தத்துவம் அழகானது, நடைமுறையில் தூரம் குறுக்கே வருகிறது. 50 மீற்றரில் இருப்பவரின் சைகை 2 கிலோமீற்றரில் இருப்பவருடையதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பலமாக வரும். 127 மடங்கு ஆதாயம் அதை ஈடுசெய்யாது. அருகில் உள்ளவர் குரலைத் தாழ்த்த வேண்டும், அல்லது முறைவைத்துப் பேச வேண்டும். கருவிகள் குறைவென்றால் முறைவைப்பதே மேல்.

அப்படியானால் குறியீட்டை இன்னும் இன்னும் நீட்டிக்கொண்டே போகலாமே? எந்த இரைச்சலிலும் கேட்குமே?

நல்ல கேள்வி, இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். துணுக்குகளைக் கூட்டும் நேரம் முழுவதும் கடல் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நாம் சொல்லாமல் விட்ட நிபந்தனை. கடல் இருக்காது. கருவி கயிற்றில் ஆடும், அலை மேற்பரப்பை ஏற்றி இறக்கும். 12 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். பாதை அதில் பாதி மாறினாலே கட்டம் தலைகீழாகிவிடும். படகுக் கேள்வியில் பார்த்த அதே சுழியம் இங்கேயும் வரும்.

அமைதியான நாளில் நீண்ட குறியீடு பயன்தரும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலக் கொந்தளிப்பில் குறுகிய குறியீட்டைப் பல தடவை அனுப்பி, ஒவ்வொன்றின் கட்டத்தையும் விட்டுவிட்டு வலுவை மட்டும் கூட்டுவதே சரி. ஆதாயம் சற்றுக் குறையும், ஆனால் கைவிடாது.

‘நம்பகமானது’ என்று சொல்கிறீர்களே, எல்லாச் செய்தியும் போய்ச் சேரும் என்று எழுதித் தருவீர்களா?

தரமாட்டேன். நம்பகம் என்பதற்கு இரண்டு அர்த்தம் வைத்திருக்கிறேன். வந்த செய்தி பிழையானால் பிழை என்று தெரிய வேண்டும். வராத செய்தி வரவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிய வேண்டும்.

முதலாவதற்குச் சரிபார்ப்பு எண். ஜானஸின் 64 பிற்றில் 8 பிற்று அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு பிழைதிருத்தக் குறியாக்கம் ஒவ்வொரு பிற்றையும் இரண்டாக்குகிறது. அவற்றைக் கலைத்து வேறு வேறு நேரத்தில் அனுப்புவதால், ஒரு மோசமான கணம் அருகருகே உள்ள பிற்றுகளை மொத்தமாக விழுங்க முடியாது. இரண்டாவதற்குப் பதில்செய்தி. முன்பு கணக்கிட்ட அந்த 4 செக்கன் இங்கே உறுத்தும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் பதில் கேட்காமல், பத்துச் செய்திக்கு ஒரு பதிலில் ‘3 உம் 7 உம் வரவில்லை’ என்று சொல்லவைப்பது சிக்கனம். உயிர்காக்கும் செய்தி என்றால் மட்டும் பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புங்கள்.

இந்தச் சத்தத்தால் மீன் ஓடிவிடாதா? டொல்பினுக்குத் தீங்கில்லையா?

பெரும்பாலான மீன்களுக்கு ஒன்றிரண்டு கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது. 10 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் இயங்கும் மோடம் அவற்றின் செவிக்கு அப்பால். டொல்பினுக்கு நூறு கிலோஹேர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும், ஆகவே அதற்கு நிச்சயம் கேட்கும். பரவல் முறையில் ஆற்றல் அகலமான பட்டையில் மெல்லியதாகப் பரவுவதாலும், ஆதாயத்தை நம்பிக் குறைந்த வலுவில் அனுப்ப முடிவதாலும், ஒற்றைச் சுரத்தில் கத்துவதைவிட இது சாந்தமானது. தேவையான அளவுக்கு மட்டும் வலு, தேவையான போது மட்டும் பேச்சு என்பதை விதியாகக் கொள்ளுங்கள். பற்றரியும் நீடிக்கும்.

பாடசாலைச் செயற்றிட்டமாக இதைச் செய்ய முடியுமா? வாங்கும் மோடம் இலட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

விலை உண்மைதான், வாங்க வேண்டியதில்லை. இரண்டு மடிக்கணினி, இலத்திரனியல் கடையில் மலிவாகக் கிடைக்கும் பீங்கான் வில்லைகள், ஒரு சிறு ஒலிபெருக்கச் சுற்று போதும். கணினியின் ஒலி அட்டை செக்கனுக்கு 48,000 மாதிரி எடுக்கும், ஆகவே 24 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் பிடிக்கலாம். வில்லைக்குக் கம்பியை ஒட்டி, முழுவதையும் எபொக்சியில் மூழ்கடித்துக் காயவிடுங்கள். நீர் புகுந்தால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும், ஆகவே இதில் அவசரம் வேண்டாம்.

பீப்பாயிலும் கிணற்றிலும் சோதித்து மனம் உடைய வேண்டாம். சுவர்களின் எதிரொலி அங்கே கடலைவிடக் கொடுமை. இறங்குதுறையில் இருவரும் பத்து மீற்றர் இடைவெளியில் தொடங்குங்கள். அங்கேயே பிற்றுகளைப் பிரித்தெடுக்க முயலாமல், வந்த ஒலியை அப்படியே கோப்பாகப் பதிந்துகொண்டு வீட்டுக்கு வாருங்கள். பார்க்கர் கணக்கை அந்தக் கோப்பின் மீது ஓடவிட்டால், வரைபில் ஒரு கூர் எழும்பி நிற்கும். அதன் பின்னால் சிறிய கூர்கள் வரிசையாக வந்தால் அவை எதிரொலிகள். கூருக்கும் கூருக்கும் இடையிலான நேரத்தை 1500 ஆல் பெருக்கினால் பாதை வேறுபாடு கிடைக்கும். துறையின் ஆழத்தைக் கயிற்றில் அளந்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.